இரண்டேகால் லட்சம் முட்டை

ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிகாலையில் எங்கள் ஊர் நெடுஞ்சாலையைப் பார்க்க வேண்டும். ஓரங்கட்டி நிற்கிற லாரிகளின் முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். குங்குமம் அப்பிய பூசணிக்காய்ச் சில்லுகள் சாலையெங்கும் கிடக்கும். லாரியோ பட்டறையோ போர்வெல் ரிக் வண்டியோ வைத்திருக்கிற சொந்தக்காரர் ஒருவராவது நாமக்கல் மாவட்டத்தில் எல்லோருக்கும் இருப்பார் என்பதால், தீபாவளியைவிட இதுதான் எங்களுக்குப் பெரிய நாள். போன விஜயதசமிக்கு அந்தப் பூசணிச் சில்லுகளின் மேல் மழையும் பெய்துகொண்டிருந்தது. ராத்திரி பிடித்த மழை. விடிந்தும் விடவில்லை.

கொல்லிமலைக்குப் போவதாகத்தான் பேச்சு. எழுபது கொண்டை ஊசி வளைவு, மழை, என் கார் ஓட்டும் லட்சணம் மூன்றையும் கூட்டிப் பார்த்த மனைவி, "அங்க எல்லாம் வேண்டாம்ங்க" என்று முடித்துவிட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. பாடத்தில் நாயக்கர்கள் வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. "அப்ப ஒரு அரண்மனையாவது காட்டுங்க" என்றாள்.

புதுச்சத்திரத்தில் அரண்மனைக்கு எங்கே போவது? சத்திரத்தின் பேரில் இருக்கிற ஊர் இது. அதிலும் கடலூர்ப் பக்கம் இன்னொரு புதுச்சத்திரம் இருப்பதால் எங்களுக்கு வருகிற பார்சல்களில் பாதி அங்கே போய் ஊர் சுற்றிவிட்டு வரும். நாமக்கல் மலைமேல் கோட்டை இருக்கிறது. ஆனால் கோட்டை வேறு, அரண்மனை வேறு என்று ஏழாம் வகுப்புக்குத் தெரியும். அப்போது திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மருதைக்குப் போலாமுங் மாப்ளே. நாயக்கர் மகால். நான் பாத்து நாப்பது வருசம் ஆச்சு."

மாமனார் கோழிப்பண்ணைக்காரர். நாற்பது வருடமாக முட்டை. அவரிடம் எதைப் பேசினாலும் அது கடைசியில் தீவன விலையிலோ முட்டை விலையிலோ போய் நிற்கும். அன்றும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

புதுச்சத்திரத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒரே சாலை, எங்கேயும் திரும்ப வேண்டியதில்லை. புதன்சந்தை, நாமக்கல், பரமத்தி தாண்டினால் வேலூர் காவிரிப் பாலம். ஆறு கரை முட்டப் பழுப்பாக ஓடியது. பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொல்லி மாமனார் கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது. அவருக்கு ஏற்கெனவே மண்டைச்சளி. கரூருக்குள் தும்மல் ஆரம்பித்து, அரவக்குறிச்சி, வேடசந்தூர் முழுக்கத் தும்மிக்கொண்டே வந்தார். திண்டுக்கல் பைபாஸில் அவர் பதினோராவது தடவை தும்மியபோதுதான் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது.

நாங்கள் பார்க்கப் போகிற மகாலைக் கட்டிய திருமலை நாயக்கருக்கும் இதே வியாதிதான். பட்டத்துக்கு வந்த 1623இல் தலைநகரம் திருச்சிராப்பள்ளி. மன்னருக்கு விடாத மண்டைச்சளி. அரண்மனை வைத்தியர் யாராலும் தீரவில்லை. மதுரைக்குப் போகிற வழியில் திண்டுக்கல்லில் தங்கியிருந்தபோது கனவில் மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து, மதுரையிலேயே இருந்துவிடு, குணமாகும் என்றார்களாம். மறுநாள் காலை பல் விளக்கும்போதே சளி கழன்று விழுந்ததாம். அப்படித்தான் தலைநகரம் மதுரைக்கு வந்தது என்று கதை. திருச்சி எல்லைப்புறம், எந்த நேரமும் படை வரும், மதுரை பத்திரம் என்று வரலாற்றாசிரியர்கள் வேறு காரணமும் சொல்வார்கள். திண்டுக்கல்லில் தும்முகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்டி ஓட்டினால் முதல் கதைதான் உண்மை என்று தோன்றும்.

மகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்புச்சி, நீங்களும் மதுரையிலேயே இருந்துக்கறீங்களா?" என்று கேட்டாள். கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோழிக்குத் தண்ணி யாரு கண்ணு காட்டறது?" என்றார்.

மூக்கு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவைத்தேன். அதே திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை தெற்கே இறங்கி வந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டு வந்தார்கள். மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். நாயக்கர் படுத்த படுக்கை; ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி படையோடு வந்து திருப்பி விரட்டினார், மைசூர்க்காரர்களுக்கும் மூக்கு போனது. நம் சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் அந்த நூற்றாண்டில் மதுரைக்கும் மைசூருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த சீமைதான். தாரமங்கலம் கோயில் கட்டிய கெட்டி முதலிகள் மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர்கள். நாம் மதுரைக்குப் போவது அந்தக் கணக்கில் பழைய தலைநகரத்துக்குப் போவதுதான் என்றேன். மனைவி பின்சீட்டிலிருந்து, "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

மதுரைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வாங்க வந்த ஜனம், மழையைச் சட்டையே செய்யவில்லை. தலையில் ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு பைக்கில் நான்கு பேர், ஐந்தாவதாக ஒரு குடை. மகாலுக்குக் காரில் போகலாம் என்று நினைப்பவர்கள் அந்தத் தெருக்களை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு நினையுங்கள். நான் எங்கோ ஒரு கட்டண நிறுத்தத்தில் வண்டியைத் தள்ளிவிட்டு, எல்லோரும் நனைந்துகொண்டே நடந்தோம்.

நடந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு சந்துக்குள், புடவைக் கடைகளுக்கும் சுடிதார்க் கடைகளுக்கும் நடுவே, வரிசையாகப் பத்துக் கல்தூண்கள் நிற்கின்றன. மேலே கூரை இல்லை, தாங்குவதற்கு எதுவும் இல்லை. பத்துத்தூண் என்றே அந்த இடத்துக்குப் பேர். அதுவும் மகாலின் மிச்சம்தான். அங்கிருந்து நாங்கள் போக வேண்டிய மகால் நல்ல தூரம். நடுவில் தெருத்தெருவாக வீடு, கடை, கோயில். அத்தனையும் ஒரு காலத்தில் அரண்மனை வளாகம் என்றால் மலைப்பாக இருக்கிறது. நவபத்கானா தெரு என்று ஒன்று வந்தது. அரண்மனை வாத்தியங்கள் முழங்கிய இடம். பந்தடித் தெருக்கள் வந்தன. பக்கத்தில் மகால் பேரிலேயே வரிசையாகத் தெருக்கள். சௌராஷ்டிரர் வீடுகளின் திறந்த கதவு வழியாகச் சாயமேறிய துணி காய்வது தெரிந்தது; மழைக்கு வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிவிட்டிருந்தார்கள். என் மனைவி சுங்குடிப் புடவைக் கடை ஒன்றை மனதுக்குள் குறித்துக்கொண்டது எனக்குத் தெரியும். அவள் முகத்தில் அது எப்போதும் தெரியும்.

வெளியிலிருந்து பார்த்தால் மகால் ஒன்றும் பிரமாதமில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால்தான். நான்கு பக்கமும் ஓங்கி நிற்கிற தூண்கள், நடுவே வானத்துக்குத் திறந்த பெரிய முற்றம், அந்த முற்றத்தில் மழை. மதுரை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே மழைச் சத்தம் மட்டும். புறாக்கள் வளைவுகளின் உட்பக்கம் ஒண்டியிருந்தன. ஒலி ஒளிக் காட்சிக்குப் போட்ட நாற்காலிகள் நனைந்து கிடந்தன. சினிமாவில் பார்த்த இடம்தானே என்று உங்களுக்குத் தோன்றும், தோன்றாவிட்டால்தான் அதிசயம். 'பம்பாய்' படத்தின் கண்ணாளனே பாட்டை மணிரத்னம் இங்கேதான் எடுத்தார். ஆனால் சினிமாவில் தெரியாத ஒன்று இருக்கிறது: தூணின் அருகே நிற்கும்போது உங்கள் தலை அதன் அடிப்பீடத்தைத் தாண்டுவதற்கே பாடுபடும்.

"படுக்கையெல்லாம் எங்கப்பா? சிம்மாசனம்?" என்றாள் மகள். இல்லை. ஒரு நாற்காலிகூட இல்லை. அவளுக்கு ஏமாற்றம். அரண்மனை என்றால் வெல்வெட்டும் கண்ணாடியும் என்று எங்கேயோ பார்த்திருக்கிறாள். இங்கே இருப்பது தூணும் காற்றும். எனக்கு அதுவே பிடித்திருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. பொருள் நிறைந்த அரண்மனைகளில் நாம் பொருளைத்தான் பார்த்துவிட்டு வருகிறோம்.

இப்போது நிற்பது பெரும்பாலும் சொர்க்க விலாசமும், பக்கத்தில் நாடக சாலையும். மன்னர் இருந்தது சொர்க்க விலாசம். தம்பி முத்தியாலு இருந்த ரங்க விலாசம் போய்விட்டது. மொத்தத்தில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம் என்கிறார்கள். 1636இல் முடிந்த கட்டடம். திருமலை நாயக்கர் 1659இல் போனார். பிறகு பட்டத்துக்கு வந்த பேரன் சொக்கநாதர் தலைநகரத்தைத் திருச்சிக்கே திருப்பிக்கொண்டு போனதோடு, தாத்தாவின் மகாலிலிருந்து பெயர்க்க முடிந்ததையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே அரண்மனை கட்டினார். படையெடுத்து வந்த எதிரி இடித்தான் என்றால் வருத்தப்படலாம். சொந்தப் பேரன் வீடு காலி செய்கிற மாதிரி கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். இதே சொக்கநாதரின் மனைவி மங்கம்மாள், பின்னால் அவரே ஆட்சிக்கு வந்தபோது சாலை போட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் அவர் பேரில் சத்திரம் இன்னும் இருக்கிறது. சத்திரத்து ஊர்க்காரன் என்ற முறையில் என் ஓட்டு மங்கம்மாளுக்கே.

சிம்மாசனம் இருந்த குவிமாடத்துக்குக் கீழே நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபது, எழுபது அடி உயரம். மரமோ இரும்போ இல்லாமல் வெறும் செங்கலும் சுண்ணாம்புமாக நிற்கிற கூரை. மழைக்கு ஒதுங்கி நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்கிட்டு இருந்து வாறீக?" என்று ஆரம்பித்தார். நாமக்கல் என்றதும், "ஆஞ்சநேயரு, முட்டை" என்றார். இந்த இரண்டைத் தாண்டி யாரும் எங்களைப் பற்றி யோசித்ததில்லை.

அவர்தான் திருடன் கதையைச் சொன்னார். ராஜாவின் படுக்கையறைக் கூரையில் ஓட்டை போட்டு இறங்கி நகைகளை அள்ளிக்கொண்டு போனானாம் ஒரு திருடன். இவ்வளவு கெட்டியான கட்டடத்தில் துளைபோட்ட கைக்காரன் யாரென்று பார்க்க ஆசைப்பட்ட நாயக்கர், திருடியவன் நேரில் வந்தால் பரம்பரைக்கும் நிலம் தருகிறேன் என்று பறைசாற்றினார். வந்தான். சொன்னபடி நிலத்தைக் கொடுத்துவிட்டு, தலையை வெட்டிவிட்டார். "பரம்பரைக்குத்தானே நெலம்? அவுக பிள்ளைக சாப்பிட்டிருக்கும்" என்று முடித்தார் பெரியவர். மகள் அதை நியாயமா அநியாயமா என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய அப்பா இதே மகாலுக்கு ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவராம். ஆமாம், 1970 வரைக்கும் மதுரை மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் நடந்தது. பாழடைந்து சரிந்துகொண்டிருந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். சென்னையில் பல கட்டடங்களைக் கட்டிய சிஷோல்ம் அந்த வேலையைக் கவனித்தார். அதற்கு முன்பே கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரையே இடித்துத் தெருவாக்கியிருந்தார். அதற்கு நன்றியாக எழுப்பியதுதான் நாங்கள் வரும்போது பார்த்த விளக்குத்தூண். கோட்டை போய்விட்டது, மகால் தப்பித்தது. ஏன் தப்பித்தது? அழகாக இருந்ததற்காகவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கச்சேரி நடத்த இடம் வேண்டியிருந்தது. குமாஸ்தாவும் வக்கீலும் அமீனாவும் நூறு வருடம் போய்வந்ததால்தான் கூரையில் ஓட்டை விழுந்தபோது யாரோ அடைத்திருக்கிறார்கள்.

மாமனார் இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. ஒரு தூணை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். "மாப்ளே, இது கல்லு இல்லீங்" என்றார்.

அதுதான் விஷயம். சில இடங்களில் கல்லும் இருக்கிறது. ஆனால் மகாலின் அழகு மொத்தமும் செங்கல்லும் அதன்மேல் பூசிய சுதையும்தான். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசித்தான் இந்த வழவழப்பு வந்தது என்பது மகாலைப் பற்றி யார் எழுதினாலும் சொல்கிற செய்தி. நான் இதைச் சொன்னதும் மாமனாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சளி போன இடம் தெரியவில்லை.

"முட்டையா? எத்தனை முட்டை?"

எத்தனை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். அப்படியானால் நாமே போடுவோம் என்று அந்த மழையில், சொர்க்க விலாசத்தின் படியில் உட்கார்ந்துகொண்டு, கணக்கு ஆரம்பமானது.

தூண் 248 என்பது வழக்கமாகச் சொல்கிற எண்ணிக்கை. உயரம் 58 அடி, குறுக்களவு 5 அடி. எல்லாத் தூணும் அந்த உயரம் இல்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் வளைவு, சுவர், குவிமாடம் எதையும் சேர்க்கவில்லையே, அதற்கு இது சரியாய்ப் போகும் என்றார். சுற்றளவு பதினைந்தே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. செல்போனில் பெருக்கினால் ஏறக்குறைய 2,25,000 சதுர அடி. சதுர அடிக்கு ஒரு முட்டை என்று வையுங்க, என்றார். ஏன் ஒன்று? "வெள்ளைக்கரு மேல்பூச்சுக்கு மட்டும்தானுங். ஒரு முட்டைல முப்பது கிராம் வரும். நாட்டுக்கோழி முட்டைன்னா இன்னும் கம்மி. பூசறவனுக்குக் கை சுருக்குன்னு வெச்சாலும் ஒண்ணு வேணும்." ஆக இரண்டேகால் லட்சம் முட்டை. முப்பது முட்டை அட்டையில் அடுக்கினால் ஏழாயிரத்து ஐந்நூறு அட்டை.

இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பெருமையாகப் பார்த்தார். ஆனால் அடுத்த நிமிடமே முகம் மாறிவிட்டது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை விடுகிற மாவட்டத்துக்காரருக்கு இரண்டேகால் லட்சம் என்பது ரொம்பச் சின்ன எண். "இது ஒரு லாரி லோடுங் மாப்ளே!" அரண்மனை இவ்வளவுதானா என்று அவருக்கு வருத்தமாகிவிட்டது.

அப்படி இல்லை என்று நான் சமாதானம் சொன்னேன். இப்போதைய கோழி வருடத்துக்கு முந்நூறுக்கு மேல் இடும். அன்றைக்கு இருந்தது நாட்டுக்கோழி. அடைகாக்கும், குஞ்சு பொரிக்கும், கோபித்துக்கொள்ளும். வருடத்துக்கு அறுபது முட்டை இட்டால் பெரிது. கட்டடம் ஏழு வருடம் நடந்தது என்று சொல்வார்கள். வருடத்துக்கு முப்பத்திரண்டாயிரம் முட்டை, நாளுக்குத் தொண்ணூறு. அதற்கு எத்தனை கோழி? அவர் மனக்கணக்காகவே சொன்னார்: ஐந்நூற்று நாற்பது. சாவு, நோவு சேர்த்து ஐந்நூற்றைம்பது. பிறகு தானே மறுத்தார்: "ஏழு வருசம் பூசிட்டே இருக்க மாட்டாங்க. பூச்சு கடைசிலதான். அதுக்குள்ள முட்டை கெட்டுப்போயிரும். அப்ப ஒரே வருசத்துல எடுத்திருக்கோணும். ஊரு ஊரா ஆள் விட்டிருப்பாங்க." நானூறு வருடத்துக்கு முந்தைய முட்டைக் கொள்முதல் அவர் கண்முன் ஓடுவது எங்களுக்கே தெரிந்தது. தவிட்டில் புதைத்த முட்டைக் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கு வாசலில் வரிசை நிற்கிற பெண்கள். உடைந்ததற்குக் காசு தரமாட்டேன் என்கிற அரண்மனைக் கணக்கப்பிள்ளை.

"மஞ்சக்கருவை என்ன பண்ணாங்க அப்புச்சி?" என்றாள் மகள்.

இந்தக் கேள்வி எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. இரண்டேகால் லட்சம் மஞ்சள் கரு! பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் காலத்துத் தேவாலயங்களுக்கும் வெள்ளைக்கரு சேர்த்த சாந்தைத்தான் பயன்படுத்தினார்கள் என்றும், மிஞ்சிய மஞ்சள் கருவை வீணாக்க மனமில்லாமல்தான் அந்த ஊர் இனிப்புகள் பல பிறந்தன என்றும் அங்கே சொல்லிக்கொள்வார்கள். மதுரையில் அப்படி ஓர் இனிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. கரண்டி ஆம்லெட்டுக்கு இந்த ஊர் வந்து சேர்ந்த வழி ஒருவேளை இங்கே தொடங்கியிருக்கலாம் என்று நான் சொன்னதை வீட்டில் யாரும் ஏற்கவில்லை.

மாமனாருக்கு அடுத்த சந்தேகம். சுண்ணாம்பு எதிலிருந்து என்றீர்கள்? கிளிஞ்சல். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நம்ம பண்ணைலயும் அதைத்தானுங்களே போடறோம்" என்றார்.

பண்ணைக்குள் போயிராதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டைக்கோழிக்குத் தீவனத்தோடு கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் பொடியோ கலந்து போட வேண்டும். இல்லாவிட்டால் ஓடு தோல் மாதிரி வரும், கையில் எடுத்தாலே உடையும். முட்டை ஓடு என்பதே ஏறக்குறைய முழுக்கச் சுண்ணாம்புதான். கடலில் ஒரு சிப்பிக்கு வீடாக இருந்தது, கோழி வயிற்றில் போய் முட்டைக்கு வீடாகிறது. அதே சிப்பியைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, நாள் கணக்கில் அரைத்துப் பூசினால், காற்றிலிருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு பழையபடி கல்லாகிவிடும். அதனால்தான் பழைய சுண்ணாம்புப் பூச்சு வயசாக ஆக இறுகுகிறது. வெள்ளைக்கரு அதைப் பிடித்து நிறுத்தி, கூழாங்கல் வைத்துத் தேய்க்கும்போது மெருகு ஏற இடம் கொடுக்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் மினுக்கத்துக்கும் இதே கைப்பக்குவம்தான். வெல்லம், கடுக்காய் ஊறவைத்த தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பதும் நம் கொத்தனார்களுக்குப் பழைய பழக்கம்.

வெல்லம் என்றதும் மனைவி சிரித்துவிட்டாள். காலையில்தான் பரமத்தி வேலூரைத் தாண்டி வந்திருக்கிறோம், கரும்பாலை ஊர்கள். கடுக்காய்க்குக் கொல்லிமலை. முட்டைக்கு நாங்கள். "அப்ப கிளிஞ்சலை மட்டும் வாங்கிட்டா நம்ம ஊர்லயே கட்டியிருக்கலாமே, எதுக்கு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள்.

இந்த மகாலை வரைந்து கொடுத்தது ஓர் இத்தாலியர் என்று சொல்கிறவர்கள் உண்டு. வளைவுகளைப் பார்த்தால் அந்த எண்ணம் வருவது இயற்கைதான். வரைந்தவர் எந்த ஊராகவும் இருக்கட்டும். சாந்து அரைத்த கை, முட்டையை உடைத்துக் கரு பிரித்த கை, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துத் தோள் இறங்கிப்போன கை எல்லாம் இந்த ஊர்க் கைதான். அந்தக் கைகளின் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. இருக்கிற பேர்களோ வேறு. கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் தூண்தூணாக, ஆணியால் கீறிய காதலர் பேர்கள், அம்புக்குறி, தேதி. ஒரு தேதி போன மாதத்தது. மாமனார் அதில் விரலை வைத்துப் பார்த்தார். "மேல்பூச்சு போயிருச்சு" என்றார். அவருக்கு நிஜமாகவே வலித்தது. அதுவரை அது மகால். கணக்குப் போட்ட பிறகு அது முட்டை.

மழை கொஞ்சம் விட்டபோது நாடக சாலைக்குள் போய்ச் சிலைகளைப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பசி வந்துவிட்டது. அதற்கு மேல் எதுவும் மனதில் நிற்கவில்லை.

பசி என்றால், நாங்கள் மாட்டிக்கொண்டது புரட்டாசியில். விஜயதசமி அந்த வருடம் புரட்டாசிக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் பக்கம் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. முட்டை உற்பத்தி செய்கிற ஊரில் முட்டையைத் தொடாத மாதம். கொள்முதல் விலை வருடா வருடம் இந்த மாதம் சரிவதும், அதைத் திட்டிக்கொண்டே எல்லாப் பண்ணைக்காரர்களும் பெருமாளுக்கு விரதம் இருப்பதும் வழக்கம். ஆகவே மதுரைக்குப் போய் தயிர்சாதமும் வாழைப்பூ வடையும் சாப்பிட்ட பெருமை எங்களுடையது. கடையின் பேரைச் சொல்லப்போவதில்லை, வடை ஆறிப்போயிருந்தது. பரிமாறியவர் எங்கள் மேசைக்கு வந்து, "ஆம்லெட் போடவாண்ணே?" என்று நான்கு பேரையும் பார்த்துக் கேட்டார். நான்கு பேரும் சேர்ந்தாற்போல வேண்டாம் என்று தலையாட்டியதில் பயந்துவிட்டார்.

சுங்குடிப் புடவை வாங்கினோம். இரண்டு. அதற்கு ஆன நேரத்தை எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவு ஆகும்.

திரும்பி வரும்போது திண்டுக்கல் வரைக்கும் மழை கூடவே வந்தது. பிரியாணிக் கடை போர்டுகள் இருபக்கமும் வெளிச்சமாக வந்து வந்து போயின. யாரும் எதுவும் பேசவில்லை. மதுரையில் தெப்பக்குளத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று எனக்குக் குறை. மகால் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமாக ஆனது என்றும், அதைத் தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். வீடு கட்ட மண் எடுத்த குழியை அப்படியே குளமாக்கிவிடுகிற சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருந்தது. தைப்பூசத்துத் தெப்பத்துக்கு வரலாம் என்றேன். அதற்குள் மகள் தூங்கிவிட்டாள்.

வேடசந்தூருக்கு அப்பால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மழை ஓலைக் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பண்ணைக்குப் போன் போட்டார். எத்தனை எடுத்தீங்க, எத்தனை உடைஞ்சது, தண்ணித் தொட்டி ரொம்புச்சா என்று வழக்கமான கேள்விகள். அந்தப் பக்கத்துப் பையன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இவர் தும்மினார், மூக்கைத் துடைத்தார்.

"கிளிஞ்சல் மூட்டை எத்தனை கெடக்குது?" என்றார். "வெளிலயா? அட, மழைல நனைய விட்டுட்டு என்ன பண்ணீட்டு இருக்கறீங்க, எடுத்து உள்ள வைங்கடா."